ரேடியோவின் கரகரப்பும் ஓசோன் ஓட்டையும்

பழைய ரேடியோவில் சவுண்டைக் கூட்டக் குமிழைத் திருகினால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். கேட்டிருக்கிறீர்களா? பழைய டிவிக்களில் சேனல் மாற்ற 'டக் டக்' என்று திருகும் குமிழ் ஒன்று இருக்கும். அதை அப்படியும் இப்படியும் ஆட்டினால்தான் படம் தெளியும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: உள்ளே இருக்கும் காண்டாக்ட்டில் அழுக்கு.

அதைத் துடைக்க மெக்கானிக் ஏதோ ஒரு திரவத்தை இரண்டு சொட்டு விடுவார், அல்லது ஒரு டப்பாவிலிருந்து 'புஸ்ஸ்' என்று அடிப்பார். சத்தம் போய்விடும். அந்த இரண்டு சொட்டுக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன். (பி.காம். படிக்கிறவனுக்குக் கெமிஸ்ட்ரி எதற்கு என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கடைசியில் கணக்கு வழக்குக்குத்தான் வந்து சேரப் போகிறோம் :-))

அழுக்கு எப்படி வருகிறது?

வால்யூம் குமிழுக்குள் ஒரு கார்பன் தடம் இருக்கும். அதன்மேல் ஒரு சின்ன உலோக விரல் வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் தூசு புகுந்தால் விரல் குதிக்கிறது, மின்சாரம் விட்டு விட்டுப் பாய்கிறது. அந்தத் தடுமாற்றம்தான் ஸ்பீக்கரில் 'கர்ர்ர்' என்று கேட்கிறது. சுவிட்ச் காண்டாக்ட்டுகளில் வேறு பிரச்சினை. பலவற்றுக்கு வெள்ளிப் பூச்சு இருக்கும். காற்றில் இருக்கும் கந்தகம் பட்டு வெள்ளிக் கொலுசு எப்படிக் கறுக்கிறதோ, அப்படியே இதுவும் கறுக்கும். அந்தக் கறுப்போடு எண்ணெயும் தூசும் சேர்ந்தால் மின்சாரம் ஒழுங்காகத் தாண்டாது.

இதைக் கழுவ எதை ஊற்றுவது? தண்ணீர் எண்ணெயைக் கரைக்காது, உலோகத்தையும் துருப்பிடிக்க வைக்கும். பெட்ரோல் கரைக்கும், ஆனால் ஒரு பொறி போதும், கடையே போய்விடும். ஆக, ஐந்து நிபந்தனைகள்: எண்ணெயைக் கரைக்க வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது, மின்சாரத்தைக் கடத்தக் கூடாது, பிளாஸ்டிக்கை அரிக்கக் கூடாது, சீக்கிரம் காய்ந்துவிட வேண்டும். இந்த ஐந்துக்கும் பொருந்திய திரவத்தைத் தேடிய கதைதான் இது.

முதல் ஆள்: சி.டி.சி.

கார்பன் டெட்ராகுளோரைடு. நம் ஊர் மெக்கானிக்குகள் வாயில் சுருக்கமாக 'சி.டி.சி.'. 1839-இல் பிரான்ஸின் வேதியியலாளர் விக்டர் ரென்யோ இதை முதலில் தயாரித்தார். எண்ணெய், கிரீஸ் எதுவானாலும் கரைக்கும். தீப்பிடிக்காது என்பது மட்டுமல்ல, தீயையே அணைக்கும்! அமெரிக்காவின் பைரீன் நிறுவனம் 1910-களில் பித்தளைக் குழாயில் இதை அடைத்துத் தீயணைப்பானாகவே விற்றது. மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் கரண்ட் கருவிகளில் பிடித்த தீயையும் இதால் அணைக்கலாம் என்றார்கள்.

டிரை கிளீனிங் கடை, வீட்டில் துணிக்கறை, ரேடியோ ரிப்பேர் என்று எல்லா இடத்திலும் சி.டி.சி. புகுந்தது. நம் ஊர் ரேடியோ, டிவி ரிப்பேர் மேசைகளிலும் ஒரு சின்ன பாட்டிலில் இருந்தது. லேசாக இனிப்பு வாசனை வேறு.

அந்த வாசனையில்தான் வினை. சி.டி.சி. ஆவி கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மது குடிப்பவருக்குப் பாதிப்பு இன்னும் மோசம். சூடான உலோகத்தில் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற வாயுவாகவும் மாறும். முதல் உலகப் போரில் விஷவாயுவாகப் பயன்பட்டது இதே ஃபாஸ்ஜீன்தான். காற்றோட்டமில்லாத சின்ன அறையில், பக்கத்திலேயே சூடான சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு, வருஷக்கணக்காக இதை மோந்தபடி வேலை பார்த்தவர்களை நினைத்துப் பாருங்கள். வீட்டு உபயோகப் பொருள்களில் சி.டி.சி. சேர்க்க அமெரிக்கா 1970-இல் தடை போட்டது.

இரண்டாவது ஆள்: நல்ல பிள்ளை

1928-இல் ஃபிரிட்ஜில் அடைக்க ஆபத்தில்லாத வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார் தாமஸ் மிட்க்லி. பெட்ரோலில் ஈயம் கலக்கும் யோசனையைக் கொடுத்தவரும் இவர்தான் (அது தனிக் கதை). அவர் குழு கண்டுபிடித்தது குளோரோஃபுளோரோகார்பன், அதாவது சி.எஃப்.சி. 1930-இல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவத்தியின் மேல் மெதுவாக ஊதினார். மெழுகுவத்தி அணைந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்பதற்கு ஒரே மூச்சில் இரண்டு நிரூபணம்!

இதே குடும்பத்தில் வந்த ஒரு தம்பிதான் சி.எஃப்.சி.-113. இது சாதாரண வெப்பத்தில் திரவம், சுமார் 48 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். அடித்த சில நொடிகளில் சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். பெரும்பாலான பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. கல்லீரலுக்கு சி.டி.சி. போன்ற எமனும் இல்லை. ஐந்து நிபந்தனைக்கும் நூற்றுக்கு நூறு. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் சர்க்யூட் போர்டுகளை இதில் முக்கிக் கழுவின. அதே திரவம் காண்டாக்ட் கிளீனர் டப்பாக்களுக்குள்ளும் ஏறியது.

'காய்ந்து போய்விடும்' என்று சொன்னோமே, எங்கே போனது? இதை நெடுநாள் யாருமே கேட்கவில்லை.

மேலே போன கணக்கு

1971-இல் ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி தானே கண்டுபிடித்த ஒரு கருவியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கில் பயணம் போனார். மனிதன் தயாரித்த சி.எஃப்.சி. நடுக்கடல் காற்றிலும் இருப்பதை அந்தக் கருவி காட்டியது. ஆனால் 1973-இல் எழுதிய கட்டுரையில், இதனால் ஆபத்து ஒன்றும் இல்லை என்றே அவர் சொன்னார். பின்னாளில் அப்படி எழுதியதற்காக வருத்தப்பட்டார்.

அடுத்த ஆண்டே ஷெர்வுட் ரோலண்டும் மரியோ மொலினாவும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சி.எஃப்.சி. எளிதில் எதனோடும் சேராது, தண்ணீரிலும் அனேகமாகக் கரையாது. அதனால் அழியாமல் மேலே மேலே போகிறது. உயரத்தில் புற ஊதாக்கதிர் பட்டு உடைந்து குளோரினை விடுகிறது. அந்தக் குளோரின் ஓசோனைத் தின்கிறது. ஒரு குளோரின் அணு பல ஆயிரம் ஓசோன் மூலக்கூறுகளைக் காலி செய்யும். நம் தோலையும் கண்ணையும் பயிரையும் காக்கும் கூரை அந்த ஓசோன்தான். தரையில் எது அதன் நல்ல குணமோ (யாரோடும் சண்டைக்குப் போகாதது), அதுவே மேலே போனதும் ஆபத்தானது.

அமெரிக்கா 1978-இல் பெரும்பாலான ஸ்பிரே டப்பாக்களில் உந்துவாயுவாக சி.எஃப்.சி. அடைப்பதைத் தடை செய்தது. எலக்ட்ரானிக்ஸைக் கழுவுவது மட்டும் நிற்கவில்லை. 80-களில் கம்ப்யூட்டர் தொழில் வளர வளர சி.எஃப்.சி.-113 விற்பனையும் வளர்ந்தது.

1985-இல் அண்டார்டிகாவின் ஹாலி பே ஆய்வு நிலையத்திலிருந்து ஜோசப் ஃபார்மனும் இரு நண்பர்களும் ஓசோன் ஓட்டையை அறிவித்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1987 செப்டம்பர் 16 அன்று, மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் முதல் பட்டியலிலேயே சி.எஃப்.சி.-113 இருந்தது. 1990-இல் லண்டனில் திருத்தம் வந்தபோது சி.டி.சி.யும் சேர்ந்தது. ஆமாம், கல்லீரலைக் கெடுத்த பழைய ஆளும் ஓசோனுக்கு எதிரிதான்!

அதே 1990-இல் அமெரிக்கா தன் காற்றுத் தூய்மைச் சட்டத்தைத் திருத்தியது. அவசியமில்லாத சி.எஃப்.சி. பொருள்கள் என்று சட்டம் பெயர் சொல்லித் தடுத்தவற்றைப் பாருங்கள்: பார்ட்டியில் பீச்சியடிக்கும் பிளாஸ்டிக் நூல், ஊதல் ஹாரன், அவற்றோடு வீட்டு எலக்ட்ரானிக்ஸ் மற்றும் கேமராவுக்கான துடைப்புத் திரவம். வால்யூம் குமிழைத் துடைப்பதும் பர்த்டே பார்ட்டிக் கூத்தும் சட்டத்தின் கண்ணில் ஒரே வரிசை.

இப்போது கணக்கு வழக்கு

இதில்லாமல் எலக்ட்ரானிக்ஸ் தொழிலே நடக்காது என்றார்கள் பலர். நடந்தது வேறு. 1988-இல் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் உள்ள டெர்பீன் வகைத் திரவத்தால் போர்டுகளைக் கழுவலாம் என்று அறிவித்தது. வேறு சிலர் இன்னும் அடிப்படையான கேள்வியைக் கேட்டார்கள்: கழுவத்தான் வேண்டுமா? சால்டர் வைக்கும்போது அழுக்கு மிஞ்சாத ஃபிளக்ஸைப் பயன்படுத்தினால் கழுவுகிற வேலையே மிச்சமாயிற்றே! கனடாவின் நார்தர்ன் டெலிகாம் புது முறைகளுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் செலவழித்து, திரவம் வாங்கும் செலவிலும் கழிவை அகற்றும் செலவிலுமாகச் சுமார் 40 லட்சம் டாலர் மிச்சம் பிடித்தது.

பொருளாதாரப் பாடத்தில் 'புறவிளைவு' என்று ஒன்று வரும். வாங்கியவரும் விற்றவரும் காசு கொடுத்து முடித்துவிடுவார்கள், நஷ்டம் மூன்றாமவர் தலையில் விழும். காண்டாக்ட் கிளீனர் பில்லில் டப்பாவின் விலை இருந்தது. சி.டி.சி. காலத்தில் மெக்கானிக்கின் கல்லீரல் அந்தப் பில்லில் இல்லை, சி.எஃப்.சி. காலத்தில் ஓசோன் இல்லை. மான்ட்ரியல் ஒப்பந்தம் அந்த விடுபட்ட வரியைப் பில்லில் ஏற்றியது. ஏற்றியதும் 'முடியவே முடியாது' என்றவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது.

யார் காசு கொடுப்பது என்ற சண்டையும் வந்தது. காற்றைக் கெடுத்தது பணக்கார நாடுகள், நிறுத்தும் செலவு மட்டும் எங்களுக்கா என்று இந்தியாவும் சீனாவும் கேட்டன. நியாயமான கேள்வி. அதனால்தான் 1990-இல் பன்னாட்டு நிதி ஒன்று பிறந்தது. இந்தியா 1992-இல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

இந்தக் கதையில் நம் மேட்டூரும் இருக்கிறது. இந்தியாவில் சி.எஃப்.சி. தயாரித்த நான்கு நிறுவனங்களில் ஒன்று அங்கேதான் தயாரித்தது. அங்கே சி.டி.சி.யும் உற்பத்தியானது. இந்தியாவின் சி.எஃப்.சி. உற்பத்தியைப் படிப்படியாக மூட 1999-இல் 8.2 கோடி டாலரும், சி.டி.சி.க்காக 2003-இல் 5.2 கோடி டாலரும் அந்த நிதியிலிருந்து ஒதுக்கினார்கள். கெடு 2010. சி.எஃப்.சி. உற்பத்தியை இந்தியா 2008-லேயே நிறுத்திவிட்டது. நம் நாடு கெடுவுக்கு முன்னாலேயே வேலையை முடித்த அபூர்வ விஷயங்களில் இதுவும் ஒன்று!

அடுத்தது யார்?

சி.எஃப்.சி. இடத்துக்கு வந்த எச்.சி.எஃப்.சி.யும் ஓசோனைக் கொஞ்சம் கெடுத்தது. அதற்குப் பின் வந்த எச்.எஃப்.சி. ஓசோனை விட்டுவிட்டுப் பூமியைச் சூடாக்கியது. அதைக் குறைக்க 2016-இல் கிகாலியில் இன்னொரு திருத்தம். ஒவ்வொரு திரவமும் முந்தியதின் குற்றத்தை மட்டும் நீக்கிவிட்டு 'பாதுகாப்பானது' என்று பெயர் வாங்கியிருக்கிறது. மிட்க்லி செய்த சோதனை பொய்யில்லை. அவர் கேட்ட இரண்டு கேள்விக்கும் சரியான விடைதான் வந்தது. மூன்றாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்று பலர் காண்டாக்ட் துடைக்கப் பயன்படுத்துவது ஐசோபுரோபைல் ஆல்கஹால். 1920-லேயே அமெரிக்காவில் ஸ்டாண்டர்ட் ஆயில் பெரிய அளவில் தயாரிக்க ஆரம்பித்த பொருள் இது! தீப்பிடிக்கும் என்பது அதன் பெரிய குறை. அந்தக் குறை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து, நம் கையிலேயே இருக்கும் ஆபத்து. பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, ஜன்னலைத் திறந்து வைத்து, பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சுவிட்சைப் போட்டால் போதும். படக்குழாய் உள்ள பழைய டிவியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் இன்று உலக நாடுகள் அத்தனையும் சேர்ந்திருக்கின்றன. 2023 ஜனவரியில் வந்த ஐ.நா. மதிப்பீட்டின்படி, இப்போதுள்ள கட்டுப்பாடுகள் தொடர்ந்தால் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் சுமார் 2066-இல் 1980-இன் நிலைக்குத் திரும்பும். அவ்வளவு நாளா என்றால், சி.எஃப்.சி.-113-இன் ஆயுள் ஏறக்குறைய 90 ஆண்டுகள். 1985-இல் ஒரு மெக்கானிக் 'புஸ்ஸ்' என்று அடித்ததில் பெரும்பகுதி இன்னும் மேலேதான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டுப் பரணிலோ, ரிப்பேர் வேலை பார்த்த தாத்தா, மாமாவின் டூல் பெட்டியிலோ லேபிள் போன பழைய பாட்டில் இருந்தால் திறந்து மோந்து பார்க்காதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள். அப்படி ஒரு பாட்டிலைப் பார்த்தவர்கள், அல்லது அந்தக் காலத்தில் ரிப்பேர் கடை வைத்திருந்தவர்களைத் தெரிந்தவர்கள், என்னென்ன பயன்படுத்தினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். புத்தகத்தில் இல்லாத பாதிக் கதை அவர்களிடம்தான் இருக்கும்.