அந்தி உணவும் அருகிலுள்ள சந்தையும்: கொங்கு நாட்டில் சமணர் குடியிருப்பு

வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்களின் சமணச் சிற்றூர்களிலிருந்து கல்விக்காகவும் தொழிலுக்காகவும் கோயம்புத்தூர் சென்று குடியேறும் குடும்பங்கள், எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது என்ற கேள்வியை முதலில் எதிர்கொள்கின்றன. வாடகை, பள்ளிக்கூடம், அலுவலகத் தொலைவு ஆகியவற்றை எல்லாரும் எண்ணுகின்றனர். சமணக் குடும்பத்துக்கு இவற்றோடு இன்னொரு கணக்கும் உண்டு. கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் நோன்பு அந்த வீட்டில் நடைபெறக்கூடுமா என்பதே அது.

கோவையில் கார்த்திகை மாதத்தில் மாலை 6 மணியளவிலேயே ஞாயிறு மறைந்துவிடும். நெடும்பகலாகிய ஆனி, ஆடியிலும் 7 மணிக்குச் சற்று முன்பே மறைவு நேர்கிறது. அதற்குள் காய்கறி வாங்கி, ஆய்ந்து, நீரை வடிகட்டி, சமைத்து, குடும்பத்தார் கூடி உண்ண வேண்டும். முதல் நாள் சமைத்ததை வைத்திருந்து உண்பது உகந்ததன்று என்பதும் மரபாதலின், நாள்தோறும் புதிதாக வாங்குவதே முறை. ஆகவே சந்தை அருகில் இருப்பது சமண இல்லறத்தாருக்கு வசதியோடு நோன்பையும் சார்ந்த செய்தியாகிறது. இரவுண்ணாமை முதலிய ஒழுக்கங்களைச் சாவகர்க்கு எடுத்துரைக்கும் அருங்கலச்செப்பு வீட்டின் இருப்பிடத்தைப் பற்றிப் பேசவில்லை. எனினும் அவ்வொழுக்கத்தை ஏற்றவர்கள் இருப்பிடத்தை எவ்வாறு தெரிந்தெடுத்தனர் என்பதை இலக்கியமும் கல்வெட்டும் ஓரளவு காட்டுகின்றன.

கவுந்தியடிகள் தெரிந்தெடுத்த வீடு

தமிழிலக்கியத்தில் ஒரு சமணக் குடும்பத்துக்குத் தங்குமிடம் தேடிய முதல் நிகழ்ச்சி சிலப்பதிகாரத்தில் உள்ளது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் மதுரையின் புறஞ்சேரியை அடைந்தனர். அங்கே துறவோர் உறையும் இடத்தில் இல்லறத்தார் தங்கியிருத்தல் பொருந்தாது என்று கோவலனுக்கு உணர்த்தப்படுகிறது. கதிர் மறையுமுன் வேறிடம் சேர வேண்டிய நிலை ஏற்பட்டபோது, கவுந்தியடிகள் ஆயர்குல மூதாட்டியாகிய மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார். ஆக்களைக் காத்து அவற்றின் பயனைக் கொண்டு வாழும் ஆயர் வாழ்க்கையில் கொடுமை இல்லை என்று அடிகள் கருதியதே அத்தெரிவுக்குக் காரணம்.

அடுத்து வரும் காட்சி சமையலைப் பற்றியது. கோவலன் சாவக நோன்பியாதலின், பகற்பொழுதில் உண்ணும் அடிசிலை ஆக்குவதற்கு ஏற்ற நல்ல கலங்களைக் காலம் தாழ்த்தாமல் தருமாறு அங்கே கேட்கப்படுகிறது. ஆயர் மகளிர் கலங்களோடு பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலியரிசி, பால்படு பொருள்கள் ஆகியவற்றை அளிக்கின்றனர். இப்பட்டியலில் கிழங்கு ஒன்றேனும் இல்லை. இளங்கோவடிகள் சமண இல்லத்தின் சமையலறையை நன்கு அறிந்திருந்தார் என்பதற்கு இதுவே சான்றாகும். உண்ணத்தக்க பொருள் கைக்கெட்டும் தொலைவில் கிடைக்கும் இடமே சாவகன் தங்கத்தக்க இடம் என்ற கருத்தும் இதனுள் அடங்கியுள்ளது. இக்காப்பியத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், கொங்கு மண்டலத்து நிரம்பையைச் சேர்ந்தவர் என்று போற்றப்படுவது கொங்கு நாட்டுக்குரிய பெருமை.

மலையில் துறவி, வழியோரத்தில் வணிகன்

கொங்கு நாட்டில் சமணத்தின் மிகப் பழைய தடயங்களுள் சிறந்தவை கரூருக்கு வடமேற்கே, புகளூரை அடுத்த ஆறுநாட்டான் மலையில் உள்ளன. அங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டுகள், சேர மரபில் வந்த இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் எய்தியபோது யாற்றூர்ச் செங்காயபன் என்னும் சமண முனிவருக்கு உறைவிடம் அமைத்துத் தந்ததைக் கூறுகின்றன. அதே மலையில் கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி என்பவன் அமைத்த இருக்கையும் உண்டு. நல்லியூரைச் சார்ந்த ஒரு பெண் செய்வித்த பள்ளியையும் வேறொரு கல்வெட்டு குறிக்கிறது. அரசர், வணிகர், சிற்றூர்ப் பெண்டிர் ஆகிய மூவகையினரும் அம்மலைக்கு உதவியுள்ளனர்.

ஈரோட்டுக்கு அருகிலுள்ள அறச்சலூர் மலைக்குகையில், இசைக்குறிப்பாகக் கருதப்படும் எழுத்துகளைப் பொறித்தவன் தேவன் சாத்தன் என்னும் மணிவண்ணக்கன். மணிகளின் தரத்தை ஆய்ந்து மதிப்பிடுபவனே மணிவண்ணக்கன். மணித்தொழிலுக்குப் பெயர்பெற்ற கொடுமணல் அங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லை. நொய்யலாற்றின் கரையைத் தழுவிக் கருவூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க்குச் சென்ற பெருவழியில் வணிகம் தழைத்திருந்தது. கோவையை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த ரோமானிய நாணயங்கள் அதற்குச் சான்று.

பாண்டிய நாட்டிலும் இந்நிலையே காணப்படுகிறது. மதுரையை அடுத்த அழகர்மலைக் குகையில் கொடையாளர்களாக உப்பு வணிகன், பாணித வணிகன், அறுவை வணிகன் ஆகியோர் பெயர்கள் உள்ளன. பாணிதம் என்பது சர்க்கரைப் பாகு. அறுவை என்பது துணி. மாங்குளத்துக் கல்வெட்டில் வெள்ளறை நிகமத்தார் என்று வணிகக் குழுவே கூறப்படுகிறது. உப்பும் பாகும் விற்ற அங்காடிக்காரரே முனிவர்க்குக் கற்படுக்கை அமைத்தனர் என்பது எண்ணத்தக்கது.

இதன் காரணம் எளிது. சமண முனிவர் பகலில் மட்டுமே, நடந்தே சென்று, தூய முறையில் சமைக்கப்பட்ட உணவை ஏற்பவர். ஆதலின் துறவிக்கு இல்லறத்தான் அருகில் இருக்க வேண்டும். இல்லறத்தானுக்குச் சந்தை அருகில் இருக்க வேண்டும். சந்தைக்குப் பெருவழி வேண்டும். பழங்காலச் சமணக் குடியிருப்புகளில் இம்மூன்றும் ஒன்றையொன்று சார்ந்திருந்தன.

ஐந்து ஊர்கள் கற்பிக்கும் பாடம்

இடைக்காலத்தில் கொங்கின் சமண மையம் இன்றைய ஈரோடு மாவட்டத்தின் பெருந்துறை வட்டாரமாக இருந்தது. விசயமங்கலம், சீனாபுரம், திங்களூர், வெள்ளோடு, பூந்துறை ஆகிய ஐந்து ஊர்களிலும் சமணக் கோயில்கள் எழுந்தன. விசயமங்கலத்தில் 8ஆம் தீர்த்தங்கரராகிய சந்திரபிரபர் கோயில் உள்ளது. பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊராகவும் அது போற்றப்படுகிறது. சீனாபுரத்தை நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவரோடு தொடர்புபடுத்துவது மரபு. தமிழுக்கு இலக்கணமும் காப்பியமும் தந்த வட்டாரம் அது.

இவ்வூர்களைச் சூழ்ந்த நிலம் இன்றும் சந்தைகளின் நிலமே. ஈரோட்டு மஞ்சள், பெருந்துறைக் கொப்பரை, கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை ஆகியவை தமிழகம் அறிந்த பொருள்கள். மஞ்சள் மண்ணுக்குள் விளைவதாயினும், உலர்ந்தபின் உயிரற்றதாதலின் சுக்கைப் போலவே அதற்கும் விலக்கில்லை என்பது சமண வழக்கு.

சந்தைகள் தொடர்கின்றன, கோயில்களும் நிற்கின்றன. ஆனால் அவற்றைச் சுற்றி வாழ்ந்த சமணக் குடும்பங்கள் இன்று அவ்வூர்களில் முன்போல் இல்லை. தொண்டை நாட்டுச் சமணச் சிற்றூர்களில் கோயிலைச் சுற்றி வீடுகளும், அவ்வீடுகளில் மாலைக்கு முன் அடுப்பணையும் பழக்கமும் நீடித்தன, அறமும் நீடித்தது. கல்லால் கட்டிய கோயில் தன்னளவில் ஒரு சமூகத்தைக் காப்பாற்றுவதில்லை. அருகருகே வாழும் குடும்பங்களும் அவற்றின் அன்றாட உணவொழுக்கமுமே காப்பாற்றுகின்றன. வீடு தேடும் குடும்பங்கள் இந்த ஐந்து ஊர்களிடமிருந்து பெற வேண்டிய பாடம் இதுவே.

கோவை நகரமும் அதன் கடைவீதிகளும்

கோயம்புத்தூர் 1866இல் நகராட்சியாயிற்று. 1873இல் மேட்டுப்பாளையம் வரை இருப்புப்பாதை அமைந்தபின் நீலகிரியின் விளைபொருள்கள் சமவெளிக்கு எளிதில் இறங்கின. மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு மண்டிகள் பெயர்பெற்றன. 1888இல் முதல் நூற்பாலை தோன்றியதைத் தொடர்ந்து பருத்தி வணிகம் வளர்ந்தது. குசராத்திலிருந்தும் இராசசுத்தானிலிருந்தும் வணிகக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவர்களுள் சமணரும் பலர்.

பழைய நகரம் கடைவீதிகளாலேயே ஆனது. பெரிய கடைவீதி, ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, மளிகை மொத்த வணிகத்துக்குரிய ரங்கை கவுடர் வீதி ஆகியவை ஒன்றையொன்று ஒட்டியவை. சற்று வடக்கே உள்ள சுக்கிரவார்ப்பேட்டையின் பெயரில் வெள்ளிக்கிழமையைக் குறிக்கும் சுக்கிரவாரமும், வணிகக் குடியிருப்பைக் குறிக்கும் பேட்டையும் இணைந்துள்ளன. கடையின் மேல்மாடியில் அல்லது பின்கட்டில் வீடு அமைத்து வாழ்வது வணிகர் வழக்கம். மாலையில் கடையிலிருந்து படியேறிச் சென்று உண்டு, மீண்டும் கடைக்கு வருவது அவர்களுக்கு எளிதாயிருந்தது.

ஆனால் நெரிசல் தீமையும் விளைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் நகரைப் பலமுறை வருத்தியது. நகரை மேற்கே விரிவாக்கி நேரான அகன்ற வீதிகளோடு ஒரு குடியிருப்பு அமைக்கப்பட்டது. நகராட்சித் தலைவராக விளங்கிய திவான் பகதூர் சி. எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் அது இரத்தினசபாபதிபுரம் எனப்பட்டது. மக்கள் வழக்கில் ஆர்.எஸ். புரம். அவர் காலத்திலேயே, 1929இல், சிறுவாணி நீரும் நகருக்கு வந்தது. நீரை வடிகட்டிப் பருகும் சமணருக்கு நல்ல நீரும் ஒரு பேறே. வடநாட்டுச் சமணக் குடும்பங்கள் பல இப்பகுதியைத் தெரிந்தெடுத்தன. வெங்காயம், பூண்டு சேராத பண்டம் கேட்டால் வியப்படையாத கடைக்காரர்கள் இங்கே மிகுதி.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தைத் திட்டம் கோவைக்கும் வந்தது. ஆர்.எஸ். புரம், சிங்காநல்லூர், சுந்தராபுரம், வடவள்ளி ஆகிய இடங்களில் உழவர் சந்தைகள் அமைந்தன. விளைவித்தவரே இடைத்தரகர் இன்றி விற்பதால் காய்கள் அன்று பறித்தவையாகக் கிடைக்கின்றன. அவரை, கத்தரி, புடலை, பீர்க்கு, பாகல், முருங்கை, பூசணி என்று கிழங்கல்லாத காய்களே ஒரு வாரச் சமையலுக்குப் போதுமானவை. கிழங்கு விலக்கு எல்லாக் குடும்பங்களிலும் ஒரே அளவில் இல்லை. பலர் பருவ நாள்களில் மட்டும் கடைப்பிடிக்கின்றனர். எவ்வாறாயினும் தெரிவு செய்யக் காய் மிகுதியாக இருந்தால் விலக்குவது எளிது.

இன்றைய தெரிவு

இந்த வரலாற்றை மனத்திற்கொண்டு பார்த்தால் கோவையின் பகுதிகள் மூவகையாகத் தோன்றும். பழைய கடைவீதிப் பகுதியில் மளிகையும் பருப்பும் மலிவு. காற்றும் இடமும் குறைவு. ஆர்.எஸ். புரமும் அதனை அடுத்த சாய்பாபா காலனியும் உழவர் சந்தை, மேட்டுப்பாளையம் சாலையின் அண்ணா மார்க்கெட், பூ மார்க்கெட் ஆகிய எல்லாவற்றுக்கும் அண்மையன, வாடகை மிகுதி. வடவள்ளி, சிங்காநல்லூர் போன்றவை நடுத்தரக் குடும்பங்களுக்கு இசைவானவை. அங்கும் உழவர் சந்தை உண்டு. உக்கடம் பக்கம் வீடு பார்ப்போர் மொத்த மீன் சந்தை அங்கிருப்பதையும் அறிந்திருத்தல் நன்று.

கணினி நிறுவனங்கள் பெருகிய சரவணம்பட்டி, காளப்பட்டி பகுதிகளில் பணிபுரியும் இளைஞர்கள் அலுவலகத்துக்கு அருகிலேயே தங்க விரும்புவது இயல்பு. அதிலும் ஒரு நியாயம் உண்டு. சந்தைக்கு அருகில் வீடிருந்தும், போக்குவரத்து நெரிசலைக் கடந்து வீடு சேரும்போது இருட்டிவிட்டால் நோன்பு நிறைவேறாது. அத்தகையோர்க்கு மாலை உணவைக் கையோடு கொண்டு செல்வது ஒரு வழி. குழந்தைகளும் முதியோரும் உள்ள குடும்பத்துக்கோ சந்தையருகே வாழ்வதே மேல். வீட்டில் இருப்போரேனும் நாள்தோறும் நோன்பைக் காக்க இயலும், குழந்தைகளும் அதைக் கண்டு வளர்வார்கள்.

வாடகை மிகுந்த பகுதியில் பெரிய வீடு கிடைக்காமற்போகலாம். ஓர் அறை குறைந்தாலும், இன்னொரு சமணக் குடும்பம் நடந்து செல்லும் தொலைவில் இருக்குமாயின் அது ஈடுசெய்யும். தசலட்சண நாள்களில் ஒருவர் வாங்கிய காயை இருவர் பகிரலாம். ஒரு வீட்டுப் பிள்ளை மற்றொரு வீட்டில் வேளையோடு உண்ணலாம். முன்பின் அறியாத நகரின் எல்லையில், மாதரியின் அண்டைவீட்டார் தந்த காயும் கனியும் கொண்டே கண்ணகியின் அடுப்பு எரிந்தது. கோவையில் குடியேறும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் வீட்டைத் தேடும்போதே சந்தையையும் அண்டை வீட்டாரையும் சேர்த்துத் தேடுமாயின், விசயமங்கலத்தில் அறுந்த இழை கொங்கு மண்ணில் மீண்டும் தொடரும்.