நெருப்பின் பொருள்

இறுதித் தீர்ப்பு என்றதும் அணையாத நெருப்பும் முடிவற்ற வேதனையுமே நம் நினைவுக்கு வருகின்றன. கிறித்தவம் எக்காலத்திலும் ஒருமுகமாக இப்படியே நம்பி வந்தது என்றும் எண்ணிவிடுகிறோம். அதன் தொடக்க நூற்றாண்டுகளிலோ, அந்நெருப்பின் பொருள் குறித்தே ஆழ்ந்த விவாதம் நடந்திருக்கிறது.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் தீயோரின் முடிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'கோலாசிஸ்'. தமிழ் விவிலியத்தின் பழைய பெயர்ப்பில் அது 'ஆக்கினை' ஆயிற்று. கிரேக்கத்தில் தண்டனைக்குத் 'திமோரியா' என்ற மற்றொரு சொல்லும் உண்டு. தண்டிக்கப்படுபவனின் பொருட்டு அமைவது முன்னது. தண்டிப்பவனின் மனநிறைவுக்காக அமைவது பின்னது என்று அரிஸ்டாட்டில் வகுத்தார். அலெக்சாந்திரியாவின் கிளமெந்து இவ்வேறுபாட்டைக் கடவுளுக்குப் பொருத்தி, அவர் திருத்துகிறார், பழிவாங்குவதில்லை என்றார். பிற்காலக் கிரேக்க வழக்கில் இவ்விரு சொற்களின் எல்லை மங்கியது உண்மையே. ஆகவே சொல்லை மட்டும் கொண்டு வழக்கைத் தீர்த்துவிட இயலாது.

கிளமெந்துக்குப் பின் அதே நகரில் சிந்தித்த ஓரிகன், கடவுளை மருத்துவராகக் கண்டார். கசப்பான மருந்தும் சூடுபோடும் கருவியும் நோயைத் தீர்க்கவே, நெருப்பும் அவ்வாறே. இறுதியில் படைப்பு அனைத்தும் தன் மூலத்துக்குத் திரும்பும் என்ற இந்நம்பிக்கை 'அபோகதாஸ்தாசிஸ்' எனப்பட்டது. இதைச் சொன்னவர் துன்பம் அறியாதவர் அல்லர். தந்தையை மதத் துன்புறுத்தலில் இழந்தவர். டீசியஸ் மன்னன் காலத்தில் தாமே சித்திரவதைக்கு உள்ளானவர்.

நான்காம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரி, மரணப் படுக்கையில் இருந்த தம் தமக்கை மக்ரீனாவுடன் நிகழ்த்திய உரையாடலாக ஒரு நூல் எழுதினார். சேறு அப்பிய கயிற்றைச் சிறு துளை வழியே இழுத்தால் கயிறு வெளிவரும். சேறு உரிந்து விழும். ஆன்மாவைக் கடவுள் ஈர்ப்பதும் அப்படியே. வலி, ஒட்டிய சேற்றின் அளவைப் பொறுத்தது.

மேற்கில் அகுஸ்தீன் இதை ஏற்கவில்லை. 'கடவுளின் நகரம்' நூலின் 21ஆம் பகுதியில், இரக்கம் மிகுந்து இப்படி நம்புவோரை அவர் மறுத்து வாதிட்டார். 543இல் பேரரசர் ஜஸ்டீனியன் ஓரிகனின் கருத்துகளைக் கண்டித்து ஆணையிட்டார். 553இல் கூடிய கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் அவர் பெயரை வேதப்புரட்டர் வரிசையில் சேர்த்தது. இறந்து ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பின் வந்த தீர்ப்பு அது! கிரகோரியோ புனிதராகவே போற்றப்பட்டார்.

பேரரசின் எல்லைக்கு அப்பால் அக்குரல் தொடர்ந்தது. ஏழாம் நூற்றாண்டில் நினிவே நகரின் ஈசாக்கு, நரகத்தில் இருப்போரை வருத்துவதும் கடவுளின் அன்பே என்று சிரியாக்கு மொழியில் எழுதினார். தாம் அன்புக்கு எதிராகப் பிழைத்தோம் என்னும் உணர்வே அவர்களைச் சுடுகிறதாம். நெடுங்காலம் மறைந்திருந்த அவர் நூலின் இரண்டாம் பகுதியை 1983இல் ஆக்ஸ்போர்டு நூலகத்தில் செபாஸ்தியான் பிராக் கண்டெடுத்தார். நரகம் கருணையின் நோக்கத்துக்கு உட்பட்டது என்ற வாதம் அதில் விரிவாக இடம்பெறுகிறது.

கொடியவனும் இறுதியில் நலம் பெறுவான் என்றால், அவனால் வதைபட்டவனுக்கு என்ன நீதி? இவ்வினாவை நாம் எளிதில் கடந்துவிட முடியாது. கிரகோரியின் உவமை தரும் விடை இதுதான்: சேறு உரியாமல் கயிறு வெளிவருவதில்லை. செய்த தீமையின் முழு உண்மையையும் தீயவன் கண்டாக வேண்டும். அதைக் காணாமலே முடிவின்றித் துன்புறுபவன், தன்னால் வதைபட்டவனுக்கு எதைத்தான் திருப்பித் தருகிறான்?