ஆழாக்கும் அணாவும்

வீட்டு வரவு செலவைத் திட்டமிட எந்தக் கருவி ஏற்றது என்ற விவாதம் நண்பர்களிடையே அடிக்கடி எழுகிறது. கைப்பேசிச் செயலி என்பார் ஒருவர். நீள நோட்டுக்கு ஈடில்லை என்பார் மற்றொருவர். பொறுப்பு என்னவோ பழையதுதான். வருவாயையும் செலவையும் வள்ளுவர் நிறுத்துப் பார்ப்பது பொருட்பாலில், வலியறிதல் அதிகாரத்தில், அரசனை முன்னிட்டு. வீட்டுக்குள் வளத்துக்குத் தக்கபடி வாழும் பொறுப்போ, வாழ்க்கைத் துணைநலத்தின் முதற்குறளிலேயே மனைவியிடம் ஒப்படைக்கப்பட்டுவிடுகிறது. எந்தக் கருவியைக் கொண்டு அவள் அதைச் செய்தாள் என்பதே இங்கு நம் கேள்வி.

ஓலையும் எழுத்தாணியும் அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனனம் செய்தவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, காணி எண்பதில் ஒன்று, மா இருபதில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு. வியப்பூட்டும் நுட்பம்தான். ஆனால் அந்தக் குறியீடுகளை எழுதவும் வாசிக்கவும் அவளுக்குக் கற்றுத்தர எவரும் முன்வரவில்லை.

அவள் கையில் இருந்தது படி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. பாதி, பாதியின் பாதி என்று இறங்கும் இந்த வாய்ப்பாட்டுக்கு எழுத்தறிவு தேவையில்லை. கண்ணும் கையும் போதும். குதிரில் ஒரு கலம் நெல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால், மரக்காலுக்கு எட்டுப் படி. ஆக 96 படி. நாளொன்றுக்கு இரண்டு படி குத்தினால் 48 நாளில் குதிர் காலி. அறுவடைக்கு இன்னும் 60 நாள் இருக்குமானால், நாளுக்கு ஓர் உரியைக் குறைத்து ஒன்றரைப் படியாக்க வேண்டும். 64 நாள் தாங்கும். இதற்கு வரவு செலவுத் திட்டம் என்பதைத் தவிர வேறென்ன பெயர் சொல்வது? கூலியும் நெல்லாக, உணவே பெருஞ்செலவாக இருந்த வீடுகளில் முழுத் திட்டமும் இதுதான்.

இதன் நீட்சியே பிடியரிசி. சமைத்து மீந்ததைச் சேர்ப்பதல்ல அது. உலையில் இடும் முன்பே ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது. காமராசர் படித்த விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் திரட்டிய பிடியரிசி துணைநின்றதைப் பலரும் அறிவர். நோட்டில் எழுதுவது நடந்து முடிந்த செலவை. பிடியரிசிப் பானை இனி வரும் செலவுக்கு வரம்பு கட்டியது. இவ்விரண்டில் பானையே மேலான கருவி என்பது நம் கட்சி.

நாணயம் புழக்கத்துக்கு வந்தபோதும் இந்தக் கைக்கணக்கு முறிந்துவிடவில்லை. ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணி. ரூபாயை நான்கு முறை பாதியாக்கினால் அணா வந்துவிடும். அணாவுக்குப் பன்னிரண்டு பை என்பதால் மூன்றாகப் பங்கிடுவதும் எளிது: ஒரு ரூபாயில் மூன்றில் ஒரு பங்கு ஐந்தணா நாலு பை, மிச்சம் கிடையாது. படியால் அளந்து பழகிய கை, காசையும் அவ்வாறே பகுத்து ஒரு பங்கை அஞ்சறைப் பெட்டியிலும் மற்றொன்றைக் கடுகு டப்பாவிலும் வைத்தது.

1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. நாலணாவுக்கு 25 என்று சரியாக வந்தது. ஓரணாவுக்கு ஆறேகால் வந்தது, அப்படியொரு காசு ஏது? 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ஊருக்கு ஊர் படியின் அளவு மாறுபட்டுச் சந்தையில் ஏமாற்றுக்கு இடமளித்ததை எண்ணினால் இந்தச் சீர்திருத்தத்தைப் பழிக்க மனம் வரவில்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பத்தின் கணக்கு வரமாகவே அமைந்தது. ஆனால் வீட்டுக்குள் தினமும் அதே படியால் அளப்பவளுக்கு அந்த மாறுபாட்டால் ஒரு கேடும் இருந்ததில்லை. கணக்கில் கெட்டிக்காரி என்று பேரெடுத்தவள், ஓரிரு ஆண்டுகளில் பிள்ளையிடம் விலை கேட்பவளானாள்.

டப்பா மட்டும் நிலைத்தது. அதிலிருந்த தொகை வீட்டாருக்குத் தெரியாது. அதன் வலிமையே அந்த மறைவுதான். 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டபோது அந்த மறைவைப் பெண்கள் தாங்களே கலைக்க நேர்ந்தது. மருத்துவத்துக்கு, மகளின் பிரசவத்துக்கு என்று ஒதுக்கியதை வீட்டார் முன் கொட்டி, வங்கி வரிசையில் நிற்பதற்கு அவர்களையே நம்ப வேண்டியிருந்தது. அவ்வாறு வெளிப்பட்ட பணம் மீண்டும் டப்பாவுக்கே திரும்பியிருக்கும் என்று நமக்குத் தோன்றவில்லை.

அதே ஆண்டில் அறிமுகமான யு.பி.ஐ. வழியே செலுத்தினால் கணக்கு தானே பதிவாகிவிடுகிறது. செயலிகள் அதைப் பகுத்து வட்டப்படமும் போட்டுக் காட்டுகின்றன. யாருக்குக் காட்டுகின்றன என்று கேட்பாரில்லை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கப்பட்டபோது மாதம் ஆயிரம் ரூபாய் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே அனுப்பப்பட்டது. பணம் வந்துசேர்ந்த குறுஞ்செய்தியோ வங்கியில் பதிவான எண்ணுக்குப் போகிறது. அது மகனுடைய எண்ணாக இருக்கும் வீட்டில், பணம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, அவன் வேலை முடிந்து வரும்வரை அவள் காத்திருக்கிறாள்.