யோகாசிரியர்க்குத் துணிவும் அளவறிதலும்

யோகம் பயில்வார்க்கும் பயிற்றுவார்க்கும் இன்றியமையாதன இரண்டு. ஒன்று துணிவு, மற்றொன்று அளவறிதல். துணிவின்றி ஆசனம் கைகூடாது. அளவறியாத் துணிவோ உடற்கு ஊறாய் முடியும். இவ்விரண்டும் ஓராசிரியர் மரபில் இயைந்து வந்தவாற்றை ஈண்டு ஆராய்வாம்.

1888-ஆம் ஆண்டு கன்னட நாட்டிற் பிறந்த திருமலை கிருஷ்ணமாசாரியார், மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு பெற்று, 1933-ஆம் ஆண்டில் ஜகன்மோகன அரண்மனையில் யோகசாலை அமைத்து இளைஞரைப் பயிற்றினார். மறு ஆண்டில் ஆண்டுவந்து சேர்ந்தவர், அவர்தம் மைத்துனராகிய பெல்லூர் சுந்தரராஜ ஐயங்கார். அவர் இளமையிலேயே மலேரியா முதலிய நோய்களால் மெலிந்தவர். எனினும், 1937-இல், பதினெட்டாம் அகவையிலேயே, யோகம் கற்பிக்குமாறு ஆசிரியர் அவரைப் புனே நகர்க்கு விடுத்தார். அங்கு மாணாக்கருட் சிலர் அவரினும் உடல்வன்மை மிக்கோராயிருந்தனர். ஆதலின், கற்பிக்கவேண்டியவற்றை முன்னர்த் தம் உடலிற் பலகாற் பயின்று தெளிந்தார். அத்தெளிவே அவர்க்குத் துணிவாயிற்று. பின்னாளில், தளர்ந்தோர்க்கும் ஆசனம் கைகூடுதற்பொருட்டுக் கயிறு, மரக்கட்டை, நாற்காலி என்பனவற்றைத் துணைக்கருவிகளாக்கினார். தாம் நோயுற்றறிந்தமையே பிறர் நோவறிதற்கு ஏதுவாயிற்றென்க.

மைசூர் யோகசாலை 1950-இல் மூடப்பட்டது. அதன்பின் சென்னைக்கு வந்த கிருஷ்ணமாசாரியார், பிணியாளரைத் தனித்தனியே ஏற்று, அவரவர் அகவையும் வலிமையும் நோக்கிப் பயிற்சி வகுத்தார். அரண்மனையில் இளைஞர்க்கு விதித்த கடும்பயிற்சியை அனைவர்மேலும் ஏற்றினாரல்லர். 1989-இல், நூறாண்டு நிறைந்தபின், அவர் மறைந்தார்.

தான் பயின்றறிந்தமையாற் பிறக்கும் துணிவும், பயில்வான் ஆற்றலறிந்து அளக்கும் அறிவும் ஒருங்குடையார்பால் யோகம் கற்றலே நன்று. அவ்விரண்டில் ஒன்று குறையினும் கற்பான் உடல் அதற்கு விலை தருதல் வேண்டும்.