நீலம் ஏறாத மூளை

1885இல் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றினார். உடலுறுப்புகள் எல்லாம் நிறம் மாறின. மூளையும் தண்டுவடமும் மட்டும் வெளுப்பாகவே இருந்தன. மூளைத் திசுவில் சாயம் ஒட்டாது என்று முடிவுகட்டினார்.

அது தவறு. அவரது மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் டிரைபான் நீலம் என்ற சாயத்தை மூளைத் தண்டுவட நீரிலேயே செலுத்தினார். மூளை நீலமானது, மற்ற உறுப்புகளில் நிறமே ஏறவில்லை. எவ்வளவு எளிய சோதனை! இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருந்தாக வேண்டும்.

1967இல் ஆய்வாளர்கள் ரீஸும் கர்னோவ்ஸ்கியும் சுண்டெலி மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அது புலப்பட்டது: நுண்குழாய்ச் சுவரின் செல்கள் இடைவெளியின்றி இறுகப் பொருந்தியிருந்தன.

வயதாக ஆக அந்தத் தடுப்பு தளர்ந்து கசிகிறது. நெடுநாள் உயர் இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் குழாய்ச் சுவரை மேலும் கெடுக்கின்றன. நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் இந்தக் கசிவு முதுமையில் கூடுவதை 2015இல் எம்.ஆர்.ஐ. ஆய்வொன்று உயிருள்ள மனிதர்களிடமே காட்டியது.