மியூசிக் அகாதெமி நூலகமும் ஆய்வும்

சென்னை டி.டி.கே. சாலையிலுள்ள மியூசிக் அகாதெமி, 1927 காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த அகில இந்திய இசை மாநாட்டின் தீர்மானத்தால் 1928இல் உருவானது. மார்கழிக் கச்சேரிகளால் பெயர்பெற்றாலும், ஆய்வும் இதன் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. விழா நாட்களில் காலையில் நிபுணர் குழு கூடும். வித்வான்களும் ஆய்வாளர்களும் ராக லட்சணம் பற்றி விவாதிப்பர், சில சமயம் காரசாரமாகவே. அந்த நடவடிக்கைகள் 1930 முதல் வெளிவரும் ஆய்விதழில் பதிவாகின்றன. சம்ஸ்கிருத அறிஞர் வே. ராகவன் இவ்விதழை நெடுங்காலம் வளர்த்தார். சுப்பராம தீட்சிதர் 1904இல் தெலுங்கு லிபியில் அச்சிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைத் தமிழில் வெளியிட்டது அகாதெமியின் முக்கியப் பணி. இசை நூல்கள் கொண்ட நூலகமும், பழைய கச்சேரிகளைக் கேட்க டிஜிட்டல் ஒலிக்காப்பகமும் இங்கு உண்டு.