எண்ணும் கை தெரிக! இடும் கை மறைக!

காவிரி பாயும் தஞ்சைத் தரணியிலே சோழர் புகழ் பேசாத மேடை இல்லை. பேசுவோர் தவறாது தொட்டுக்காட்டுவது குடவோலை. ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே வாக்களிக்கக் கற்ற இனம் என்று மார்தட்டுகிறோம். தட்டுமுன் கல்வெட்டை ஒருமுறை படித்துப் பார்ப்போம்.

முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபை தன் விதிகளைக் கல்லில் பொறித்தது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. தகுதியுடையார் பெயரை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இடுவர். உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் அதை ஏந்தவேண்டும். அவன் படித்ததை அங்கிருந்த நம்பிமார் அனைவரும் படிக்கவேண்டும். கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துள் புகாது. அவன் உறவினர் பெயரும் புகாது. விரலிடுக்கில் ஓலை மாற்றும் வித்தைக்கு வழியடைத்த அந்த நுட்பத்தை நாம் மெச்சுகிறோம்.

ஆனால், அது வாக்கா? அல்ல, குலுக்கல்! குடத்துள் இருந்த பெயர்கள் யாருடையவை? கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையோர் பெயர்கள். அது பிரமதேயச் சபை. நாற்று நட்டவள் பெயர் அதில் இல்லை. ஏர் பூட்டியவன் பெயரும் இல்லை. கையை விரித்துக் காட்டினார்கள், கதவை மூடிவைத்தார்கள்!

காலம் உருண்டது. 1920 சென்னைச் சட்டமன்றத் தேர்தலிலும் சொத்தும் வரியுமே அளவுகோல். 1951-52 பொதுத் தேர்தலில்தான் 21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமை கிட்டியது. மிராசுதாரும் பண்ணையாளும் ஒரே வரிசையில் நின்றனர். வரிசை கலைந்த பின்? கூலி நெல் அளப்பது மிராசுதார் களத்தில். குடிசை நிற்பது மிராசுதார் மனையில். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமே 1952-இல்தான் பிறந்தது. “யாருக்குப் போட்டாய்?” என்று ஆண்டை அறிய முடிந்திருந்தால், அந்த வாக்குரிமை ஏட்டுச் சுரைக்காய்தானே? ஏழையைக் காத்தது மறைப்புத் தட்டி. அதன் பின்னே வேட்பாளருக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு சின்னம். சீட்டை எதில் இட்டான் என்பதை அவன் நெஞ்சு மட்டுமே அறியும்.

இந்த அச்சம் தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் வாக்காளர் தம் தேர்வை ஊரறியச் சொல்லவேண்டியிருந்தது. நிலக்கிழார் கண்முன் குத்தகையாளன் நா எழவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா 1856-இல் மறைவாக்கைக் கண்டது. பிரிட்டன் 1872-இல் ஏற்றது.

மறைவு முழுமை பெற்றுவிட்டதா? ஒவ்வொரு சாவடியின் இயந்திரத்தையும் தனித்தனியே எண்ணும்போது, ஒருவர் பெயர் வெளிவராது; ஒரு தெருவின் மனம் வெளிவந்துவிடும். சேரியும் ஊரும் பிரிந்து கிடக்கும் நாட்டில் இது சிறு செய்தியா? பல சாவடி வாக்குகளைக் கலந்து எண்ணுமாறு சட்ட ஆணையம் 2015-இல் பரிந்துரைத்ததன் பொருள் இதுவே.

எண்ணுபவன் கை உத்திரமேரூர் மத்தியஸ்தன் கைபோல் விரிந்திருக்கட்டும். இடுபவன் கை எவர் கண்ணிலும் படாதிருக்கட்டும். வலியவன் மறைந்தால் அது சூது. எளியவன் மறைந்தால் அது காப்பு. குடத்தின் பெருமை பேசும் நாம், இந்த வேறுபாட்டை மறவாதிருப்போம்!